பதினான்கு கோழிகளுக்கும் ஒரே நாளில் மூச்சுத் திணறியது

கோழிப் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேரையும் போன வாரம் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறீர்கள். அதில் இன்னும் ஒரு எச்சக் கறைகூடப் படவில்லை. கவலைப்படாதீர்கள், கோழிகள் பார்த்துக்கொள்ளும்.

உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் நான் போயிருந்தால் பள்ளிக்கூடம் தாங்கியிருக்காது. ஆனால் முப்பது வருஷம் இந்தக் கன்டோன்மென்டில் பங்களா பங்களாவாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழி பார்த்தேன். ‘கோழி டாக்டரம்மா’ என்று மனிதர்கள் கூப்பிட்டார்கள். கோழிகள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் புடவைத் தலைப்பைக் கண்டதும் கூரை மேல் ஏறிக்கொள்ளும்.

தீவனம், முட்டை, அடைவைப்பு எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் மூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைவிட அதிகமாக மூச்சு வாங்குவார்கள். ஆளுக்கொரு மருந்தோடு ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற கஷ்டமான வேலை.

எனக்கும் அது சீக்கிரம் வந்துவிடவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டுக் கோழி கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விட்டது. மூச்சுக்குழாயில் புழு இருந்தால் கோழி அப்படிச் செய்யும். மெல்லிய இறகை உள்ளே விட்டுத் திருகிப் புழுவை இழுப்பார்கள். அதை யாரோ செய்ய நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். ஒரு தடவை போதாதா? இறகை விட்டேன், திருகினேன். புழு வரவில்லை, கோழியின் உயிர்தான் வந்தது. அறுத்துப் பார்த்தால் தொண்டையில் ஒரு சோள மணி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். அன்றைக்கே குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு இன்றுவரை யாரும் கொடுத்ததில்லை.

இனி அந்தோணியம்மாள் கோழிகளின் கதை. உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது.

அந்தோணியம்மாளின் வீட்டுக்காரர் ஒரு பங்களாவில் சமையல்காரராக இருந்தார். அவர் இறந்த பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் இருக்கிற வரிசையில் அவளுடைய ரூமைப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி விட்டுவைத்தார். காரணம் அவளுடைய கோழிகள். பங்களா மேஜைக்குத் தினம் காலையில் முட்டை அவள்தான் கொடுக்க வேண்டும். முட்டை வருகிறவரைக்கும் ரூம் அவளுடையது என்று பேச்சு. புதிதாக வந்த சமையல்காரர் தன் பெண்சாதியை அழைத்துவர அதே ரூமைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரூம் போனால் அந்தோணியம்மாள் கோலார் தங்கவயலில் இருக்கிற தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர். தம்பி பெண்சாதியின் வாய்க்கே அந்த அறை பத்தாது.

அதே காம்பவுண்டின் முன்பக்கத்தில் துரைசானி ஆறு வெள்ளைக் கோழிகள் வைத்திருந்தார். சீமையிலிருந்து வந்த வம்சம். ஜனவரியில் நடக்கும் கண்காட்சிக்கு அவற்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவற்றைப் பார்க்க நான் ஒவ்வொரு புதன்கிழமையும் போவேன். நகம் வெட்டி, காலுக்கு எண்ணெய் தடவி, மாப்பிள்ளைக்குச் செய்வது மாதிரி எல்லாம் செய்வேன்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் கேட்டைத் தாண்டினபோது பட்லர் சின்னப்பன் பின்பக்கத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது.

“இன்னா சின்னப்பா, இன்னிக்கே கிறிஸ்துமஸா?”

“விளையாடாதீங்க அக்கா. அந்தோணிம்மா கோழிங்களுக்கு வெள்ளைக் கழிச்சல். பக்கத்து பங்களாவுல போன மாசம் வந்திச்சே, அதே தான். டீ டைமுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி எரிச்சிடணும்னு தொரசாணி ஆர்டர்.”

வெள்ளைக் கழிச்சல் என்றால் உங்களுக்குத் தெரியும். கோழிக்கு மூச்சு இரைக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்துத் திருகிக்கொள்ளும், நாலு நாளில் கூண்டே காலியாகிவிடும். பக்கத்து பங்களாவில் அப்படித்தான் ஆனது. துரைசானி பயந்ததில் தப்பே இல்லை.

அந்தோணியம்மாள் தன் ரூம் வாசலில் ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பதின்மூன்று கோழிகள் இறகைச் சிலுப்பிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றன. கண்ணெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. கர்ர் கர்ரென்று சத்தம். பழைய கால் ஆர்மோனியங்களைப் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் மிதித்தால் எப்படியோ அப்படி. அந்த இடமே நீலகிரித் தைலம் மணந்தது. ஒவ்வொரு கோழியின் மூக்கிலும் தடவி வைத்திருந்தாள். போதாதென்று மிளகுத் தண்ணீர் வேறு.

“அக்கா, நேத்து சாயந்தரம் எண்ணி உள்ள விட்டேன். எல்லாம் ஜோரா இருந்திச்சு. காலைல கதவத் தொறந்தா இந்தக் கோலம். எல்லாம் போச்சுக்கா. நான் கோலாருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

“மூட்டைய அப்பறம் கட்டலாம். முதல்ல அந்தத் தைல பாட்டிலுக்கு மூடி போடு. எனக்கே மூக்கு ஓடுது.”

இந்த இடத்தில் உங்களில் ஒருத்தி பையைத் திறந்து ஊசியைத் தேடியிருப்பாள். வேண்டாம். நானும் என் கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

கீழே பார்த்தேன். எச்சம் எப்போதும் போல இருந்தது. பச்சை இல்லை, தண்ணீர் இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி முகத்தைப் பார்த்தேன். கோழிச் சளி என்றால் முகம் வீங்கிவிடும், மூக்கில் நாற்றமடிக்கும். வீக்கம் எதிலும் இல்லை. நாற்றம் தைலத்தைத் தாண்டி வந்தால்தானே தெரியும். ஒரு பிடி அரிசியை இறைத்தேன். இரைத்துக்கொண்டே வந்து கொத்தின. சாகப்போகிற கோழிக்கு அரிசி மேல் அவ்வளவு ஆசை இருக்காது.

இருந்தாலும் மனசு ஒன்றில்தான் நின்றது. பதினான்கும் ஒரே ராத்திரியில். தொற்றுநோய் அப்படி வராது, பிள்ளைகளே. முதலில் ஒன்று மூலையில் நிற்கும். இரண்டு நாள் கழித்து மூன்று. அப்புறம் ஏழு. நோய் வரிசையில் நின்று வரும். கல்யாணப் பந்தி மாதிரி எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காது.

“அந்தோணிம்மா, சீக்கில்லாத கோழி ஏதாச்சும் இருக்கா?”

“அந்தக் கறுப்பி இருக்கு. அடுப்பங்கரைல கூடையில அடை குந்தியிருக்கு. பத்து நாளா அங்கதான்.”

போய்ப் பார்த்தேன். கறுப்பி நன்றாக இருந்தாள். கையை நீட்டியதும் ரத்தம் வர ஒரு கொத்து கொத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் கொத்து வாங்கியதே இல்லை.

“இது வெளிய எறங்காதா?”

“தெனமும் மத்தியானம் எறங்கி அதுங்களோடதான் தின்னும், தண்ணி குடிக்கும். நேத்தும் எறங்கிச்சு.”

அதே தீனி, அதே தண்ணீர், அதே கூட்டாளிகள். ராத்திரி படுக்கை மட்டும்தான் வேறு. நான் நேராகக் கூண்டுக்குப் போனேன். செங்கல் சுவரும் ஓடும் வைத்த கூண்டு. ஆள் குனிந்து நுழையலாம். டிசம்பர் குளிருக்காக ஜன்னலுக்கும் கதவு இடுக்குக்கும் கோணி அடைத்திருந்தாள். தலையை உள்ளே நீட்டினேன்.

கண்ணில் யாரோ வெங்காயத்தைப் பிழிந்த மாதிரி இருந்தது. தொண்டை பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சுவரெல்லாம் பளிச்சென்று ஈரச் சுண்ணாம்பு. தரையில், பழைய எச்சத்தின் மேல், மாவு சலித்தது மாதிரி தடிமனாகச் சுண்ணாம்புத் தூள்.

பழைய எச்சத்தில் சுண்ணாம்பு விழுந்தால் அது சீறும். கண்ணைக் கரிக்கிற காற்று கிளம்பும். அந்தக் காற்றோடு கோழிகளை உள்ளே விட்டுக் கோணியால் மூடினால், கோழி என்ன, யானைக்கே இரைக்கும். அதற்கு மேல், கோழிகள் சீய்த்துக் கிளப்பிய தூள் வேறு.

“சுண்ணாம்பு எவ அடிச்சா?”

“நான்தான்க்கா. பண்டிகைக்கு வீட்டுக்கு அடிச்சேன். மிச்சம் இருந்திச்சு. அதுங்களுக்கும் பண்டிகைதானேன்னு நேத்து அடிச்சு, மீந்ததத் தரையில தூவினேன்.” அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீங்கதானேக்கா போன மாசம் சொன்னீங்க? பேன் புடிக்காம இருக்க சுண்ணாம்பு அடின்னு?”

சொல்லியிருந்தேன். கேட்டுக்கு வெளியே நடந்துகொண்டே, அடுத்த பங்களாவுக்கு நேரமாகிவிட்டது என்று, தோளுக்கு மேலாகத் திரும்பிச் சொன்ன வைத்தியம். சுண்ணாம்பு அடி என்று சொன்னேன். முதலில் எச்சத்தைச் சுரண்டி எடு, அடித்த பிறகு இரண்டு நாள் கதவைத் திறந்து காயவிடு, அதுவரை கோழியை உள்ளே விடாதே என்பதைச் சொல்லவில்லை. நம் கன்டோன்மென்டில் கிறிஸ்துமஸ் நெருங்குகிற சமயத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டில் சுண்ணாம்பு என்ற சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆடாமல் நின்றால் ஆட்டுக்கும் அடித்துவிடுவார்கள்.

அதற்குள் துரைசானியே வந்துவிட்டார். பத்தடி தூரத்தில் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். அவர் ஆயாவிடம் தமிழ் கற்றவர். அதனால் கோபமாகப் பேசினாலும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

“ரோசம்மா, அந்த சீக்கு தானே? ஆமா சொல்லு, இல்ல சொல்லு.”

“இல்லைங்க தொரசாணி,” என்றேன்.

“அப்போ ஏன் இது எல்லாம் வாய் தொறக்குது?”

சின்னப்பன் குறுக்கே வந்தான். “அக்கா, தப்பாப் போனா நம்ம வெள்ளைக் கோழிங்களும் போயிடும். சொல்லிட்டேன்.”

அவன் சொன்னது சரி. நான் நூற்றுக்கு நூறு நிச்சயமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு. மீதிப் பத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“தொரசாணி, நான் சொல்றத நம்ப வேணாம். அந்தக் கூண்டுக்குள்ள ஒரே ஒரு தரம் தலைய நீட்டிப் பாருங்க.”

சின்னப்பன் வாயில் கையை வைத்துக்கொண்டான். துரைசானி தைரியசாலி. தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து தலையை நீட்டினார். நான் மூன்று எண்ணுவதற்குள் வெளியே வந்தார். முகம் தக்காளி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். வாயைத் திறந்து கர்ர் கர்ரென்று இழுத்தார். கோழிகள் பதினான்கும் அவரை நிமிர்ந்து பார்த்தன, புதிதாக ஒருத்தி சேர்ந்த மாதிரி.

“இதான் தொரசாணி சீக்கு,” என்றேன். “பழைய எச்சத்து மேல சுண்ணாம்பு. காத்துப் போக வழியில்ல.”

கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“எந்த முட்டாள் சுண்ணாம்பு போட சொன்னது?”

அந்தோணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “நானேதான் தொரசாணி, எனக்குத் தெரியாம...” என்று ஆரம்பித்தாள்.

ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தேன். அந்த நிமிஷத்தை மறைக்க மாட்டேன். அவள் சொல்லி முடித்திருந்தால் என் புதன்கிழமை எனக்கு, என் பேர் எனக்கு. ஆனால் கோழியைக் கொல்லத் தெரிந்த பொம்பளைக்கு ரூம் எதற்கு என்று புதுச் சமையல்காரர் சாயந்தரமே கேட்டிருப்பார்.

“நான்தாங்க அந்த முட்டாள்,” என்றேன். “பாதி சொன்னேன். மீதிய சொல்லாமப் போயிட்டேன். அவ சொன்னத ஒழுங்காச் செஞ்சா.”

துரைசானி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்கு காலைல ஒரு கோழி செத்தா எல்லாம் எரிக்கும். நீயும் என் கோழி பாக்க வராதே. இன்னிக்கு என் கோழி கிட்டவும் போகாதே.”

“சரிங்க.”

காம்பவுண்டின் கடைசியில் இருந்த மாமரத்தடிக்குப் பதினான்கையும் கொண்டுபோனோம். நல்ல காற்று வரும் இடம். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றின் கண்ணையும் மூக்கையும் துடைத்தோம். தைலத்தையும்தான். குடிக்க நிறைய நல்ல தண்ணீர் வைத்தோம். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்தோம்.

“கொஞ்சம் மிளகுத் தண்ணி குடுக்கட்டாக்கா?”

“நீ குடி.”

“ராத்திரிக்குக் குளிருமே. கோணியாச்சும்...”

“கோழி சட்டை போட்டுக்கினு பொறந்ததுடி. கோணி பேச்ச எடுத்தா உன்ன அதுல கட்டிடுவேன்.”

மத்தியானத்துக்குள் ஐந்தாறு கோழிகள் வாயை மூடிக்கொண்டன. மூன்று மணிக்கு அந்தோணியம்மாள் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். அப்போது ஒரு செம்பட்டைக் கோழி கழுத்தைத் திருப்பியது. சாதாரணத் திருப்பல் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது.

தூரத்தில் நின்ற சின்னப்பன் கத்தினான். “அக்கா! கழுத்து! கழுத்து திருவுது!”

அந்தோணியம்மாள் கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது. நான் மறைத்து வைத்திருந்த பத்து, ஐம்பதாகிவிட்டது. வெள்ளைக் கழிச்சல் அப்படித்தான் கழுத்தைத் திருகும். அப்படியானால் நான் சொன்னதெல்லாம் பொய். அவளுடைய ரூம் போய்விட்டது. நான் மாமரத்தடியில் உட்கார வைத்து நோயை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஓடிப் பிடிக்கத்தான் கால் துடித்தது. உட்கார்ந்தே பார்த்தேன். கோழி சுற்றியது, நின்றது, ஒரு எறும்பைப் பார்த்தது. அதைக் கொத்தத் தலையை இன்னும் சாய்த்தது. இரண்டு கண்ணால் பார்க்கிற கோழி அவ்வளவு சாய்க்காது. மெல்லப் போய்த் தூக்கினேன். இடது கண் பீளை கட்டி ஒட்டிப்போயிருந்தது. ஒரு கண்ணால் உலகத்தைப் பார்க்கத்தான் பாவம் அத்தனை திருகல். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றித் துடைத்தேன். கண் பிரிந்தது. கீழே விட்டேன். கழுத்து நிமிர்ந்தது. நேராக நடந்து போய் அந்த எறும்பைச் சாப்பிட்டது.

“சின்னப்பா,” என்றேன், “கழுத்து இப்ப எப்படி இருக்கு?”

“கோழிக்காக்கா? உங்களுக்கா?” என்றான் அவன். என் கழுத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் பெரிய மூங்கில் கூடைகளை மரத்தடியில் கவிழ்த்து, கோழிகளை உள்ளே விட்டு, மேலே கல் வைத்தோம். காற்று ஒவ்வொரு இடுக்கிலும் போய் வந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் போனேன். பூசைக்கு மணி அடித்தது, நான் மாதா கோவில் பக்கம் திரும்பவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று காதைக் கொடுத்தேன். கர்ர் இல்லை. அதற்குப் பதிலாகக் கூடைக்குள் ஒரே சண்டை, திட்டு, ஒன்றை ஒன்று மிதிக்கிற சத்தம். கோழிகள் அப்படி ஒழுங்கீனமாக நடந்துகொண்டால் கும்பிடத் தோன்றும். நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அந்தோணியம்மாள் ஏற்கெனவே எண்ணிவிட்டாள். பதினான்கு. செம்பட்டைக்கு அந்தக் கண் கடைசிவரை மங்கல்தான், அதை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மற்ற எல்லாம் வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டன. ஒரு கூடையைத் தூக்கியதும் கீழே ஒரு முட்டை கிடந்தது. சின்னதுதான், ஒரு பக்கம் சொரசொரப்பு.

“ஒண்ணுதான் இருக்கு,” என்றாள் பயந்துகொண்டே. “மேஜைக்கு அனுப்பலாமா?”

சின்னப்பன் அதைத் துடைத்து வெள்ளித் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் துரைசானி பின்பக்கம் வந்தார். அன்றைக்கு ஐந்தடி தூரம்வரை வந்தார். கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புதன்கிழமை வா,” என்றார். அந்தோணியம்மாளிடம், “முட்டை சின்னது. ரூம் நீ வெச்சுக்கோ,” என்றார்.

அவர் போனதும் அந்தோணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். நான் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். காக்ஸ் டவுனில் ஒரு வீடு காத்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே நேரமாகிவிட்டது.

“அக்கா,” என்றாள் பின்னாலிருந்து. “கூண்ட எப்பிடி சரி பண்றது? போற போக்குல சொல்லாதீங்க.”

கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எச்சத்தை எந்த மண்வெட்டியால் சுரண்ட வேண்டும் என்பதிலிருந்து, ஜன்னலில் எத்தனை விரல் இடுக்கு விட வேண்டும் என்பதுவரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.